பாட்டு பிந்தும், தாளம் பிந்தாது: வில்லி நெல்சன்

‘கிரேஸி’ பாட்டை இரண்டு குரலில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் அமெரிக்கப் பாடகி பாட்ஸி கிளைன் 1961-ல் பாடியது. பிறகு, அந்தப் பாட்டை எழுதிய கன்ட்ரி (அமெரிக்க கிராமிய மரபில் வந்த இசை) பாடகர் வில்லி நெல்சன் 1962-ல் தன் முதல் ஆல்பத்தில் பாடியது. வரிகள் ஒன்றுதான், மெட்டும் ஒன்றுதான். பாட்ஸி ஒவ்வொரு சொல்லையும் நீட்டி, மெட்டின் வளைவுகளை முழுசாகக் காட்டிப் பாடுகிறார். வில்லி வரியைத் தாமதமாக எடுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி நாலைந்து சொற்களை நெருக்கிச் சொல்லிவிட்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) மாறுவதற்குள் வந்து சேர்ந்துகொள்கிறார். பல வருடங்கள் பாடகராக அவர் எடுபடாமல் போனதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம், பிறகு அமெரிக்காவே திரும்பிப் பார்த்ததற்கும் இதுதான் காரணம்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், என்ற விஷயம் தெரிந்திருக்கும். அதீத எடுப்பில் பாட்டு சமத்துக்கு (தாளத்தின் முதல் அடிக்கு) முன்பே வந்துவிடும். அனாகதத்தில் சமம் தாண்டிய பிறகுதான் வரும். ஆனால் அங்கே அந்த இடம் உருப்படிக்கு உருப்படி நிர்ணயமானது. வில்லியிடம் அது வரிக்கு வரி மாறும். முதல் சரணத்தில் அரை அடி பிந்தி எடுத்த வரியை இரண்டாவது சரணத்தில் முந்தி எடுப்பார். நேற்று மேடையில் பாடிய இடத்தில் இன்று பாடமாட்டார். அதனால் அவரோடு வாசிப்பவர்கள் அவர் வாயைப் பார்த்து வாசிக்க முடியாது. தாளத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, அவரைப் போக விட்டுவிட வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால் அவர் ஊரைப் பார்க்க வேண்டும். டெக்சஸில் அபட் என்ற சின்ன ஊர். பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த 1933-ல், ஏப்ரல் 29-ம் தேதி பிறந்தார். பெற்றோர் பிரிந்து போய்விட, தாத்தா பாட்டிதான் அவரையும் அக்கா பாபியையும் வளர்த்தார்கள். தாத்தா கொல்லர். தாத்தா பாட்டி இரண்டு பேருமே தபால் வழி இசைப் பாடம் படித்தவர்கள். ஆறு வயதில் பேரனுக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்து முதல் கார்டுகளைச் சொல்லிக் கொடுத்தது தாத்தாதான். ஏழு வயதிலேயே பையன் சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டான். பகலில் பருத்திக் காட்டில் கூலி வேலை. பத்து வயதுவாக்கில், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் போல்கா நடன இசை பேண்டில் கிட்டார் வாசிக்கப் போனார். ஒரு ராத்திரி வாசித்தால் பருத்தி பொறுக்குவதைவிட அதிகம் கிடைத்தது. அந்த வட்டாரத்தில் செக், ஜெர்மன் நடனப் பாட்டுகள், மெக்சிகோக்காரர்களின் பாட்டுகள், பாப் வில்ஸின் வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த கன்ட்ரி நடன இசை) எல்லாம் ஒரே காற்றில் கலந்து கிடந்தன. ரேடியோவில் பாப் பாடகர் சினாட்ரா. ஜிப்சி ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டைத் தன் ஆதர்சம் என்று பிற்காலத்தில் வில்லி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கன்ட்ரி பாடகர் என்று அவரைச் சொல்வது சரிதான். ஆனால் அவர் காது முழுக்க கன்ட்ரி மட்டும் இருந்ததில்லை.

விமானப்படையில் சேர்ந்து முதுகு வலியால் சில மாதங்களில் வெளியே வந்தார். பேலர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாதியில் விட்டார். வீடு வீடாகப் போய் பைபிளும் கலைக்களஞ்சியமும் விற்றார். சின்ன ரேடியோ நிலையங்களில் அறிவிப்பாளராக இருந்தார். இதெல்லாம் ஐம்பதுகளின் கதை. கவனிக்க வேண்டிய இடம் ஹூஸ்டன்.

அங்கே பால் பஸ்கர்க் என்ற இசைக்கலைஞர் நடத்திய கிட்டார் பள்ளியில் வில்லிக்கு ஆசிரியர் வேலை. நாளைக்கு மாணவருக்கு நடத்தப்போகிற பாடத்தை இன்று ராத்திரி தானே படித்துக்கொள்வார். அப்படித்தான் கிட்டாரை முறையாகக் கற்றார். இரவில் எஸ்கொயர் பால்ரூம் என்ற நடன அரங்கில் வாசிப்பு. கையில் காசு கிடையாது, வீட்டில் குழந்தைகள். அப்போதுதான் இரண்டு பாட்டுகளை அடியோடு விற்றார். ‘ஃபேமிலி பைபிள்’ 50 டாலர். ‘நைட் லைஃப்’ 150 டாலர். முதல் பாட்டு 1960-ல் கிளாட் கிரே பாடி கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. பாட்டாசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வில்லியின் பெயரே இல்லை.

பாட்டு விற்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அவருடைய ஆரம்ப காலப் பொருளாதாரம் இதுதான். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, விற்பனையாகிற ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் உரிமைத் தொகை. 1909-ல் வைத்த அந்தத் தொகை 1978 வரை மாறவே இல்லை. வழக்கமாக அதில் பாதி பதிப்பாளருக்கு, பாதி எழுதியவருக்கு. அதாவது எழுதியவர் கைக்கு ஒரு ரெக்கார்டுக்கு 1 சென்ட். ரேடியோவில் ஒலிபரப்பானால் அதற்குத் தனிப் பங்கு. கணக்குப் போட்டால், 5,000 ரெக்கார்டு விற்றாலே 50 டாலர் வந்துவிடும். ‘ஃபேமிலி பைபிள்’ அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஆனாலும் வில்லி அந்த விற்பனையை நினைத்துப் புலம்பியதாகத் தெரியவில்லை. தான் எழுதியது விலை போகிறது, வேறொருவர் பாடினால் ஊர் கேட்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. அந்த தைரியத்தில்தான் 1960-ல் ஒரு பழைய காரில், கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் போய்ச் சேர்ந்தார். ‘நைட் லைஃப்’ பாட்டில் மட்டும் பிற்பாடு அவர் பெயர் எழுதியவர்களில் ஒருவராகச் சேர்ந்தது.

நாஷ்வில்லில் டூட்ஸீஸ் ஆர்கிட் லவுஞ்ச் என்ற மதுக்கடையில்தான் பாட்டாசிரியர்கள் கூடுவார்கள். அங்கே ஹாங்க் காக்ரன் என்ற இன்னொரு பாட்டாசிரியர் வில்லியின் பாட்டுகளைக் கேட்டு அசந்துபோனார். தான் வேலை பார்த்த பேம்பர் மியூசிக் என்ற பாட்டுப் பதிப்பு நிறுவனத்தில் தனக்கு வரவேண்டிய சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தில் வில்லியை வேலைக்கு எடுக்க வைத்தார். வாரம் 50 டாலர். சக தொழில்காரர் ஒருவர் இன்னொருவருக்கு இப்படிச் செய்வது அபூர்வம். காக்ரன் பெயரைச் சொல்லாமல் வில்லியின் கதையைச் சொல்லக் கூடாது.

பேம்பர் நிறுவனத்தில் பாட்டு எழுத ஒதுக்கியிருந்த இடம் ஒரு கார் ஷெட். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது காக்ரனுக்கு போன் வந்தது, எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் ‘ஹலோ வால்ஸ்’ எழுதி முடிந்திருந்தது. மனைவி போய்விட்ட வீட்டில் ஒருவன் சுவரிடம் பேசுகிறான், பிறகு ஜன்னலிடம், பிறகு கூரையிடம். பாட்டு அவ்வளவுதான். பாடகர் ஃபேரன் யங் 1961-ல் பாடி, கன்ட்ரி பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடம். பணமுடையில் இந்தப் பாட்டையும் வில்லி விற்க வந்தபோது வாங்க மறுத்து, கடனாகக் காசு கொடுத்து அனுப்பியவர் அதே ஃபேரன் யங்.

வில்லியின் அந்தக் காலத்துப் பாட்டுகளை உற்றுப் பார்த்தால் ஒரு பொதுக் கட்டுமானம் தெரியும்: உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் நம் காதில் விழும். ‘ஃபன்னி ஹவ் டைம் ஸ்லிப்ஸ் அவே’ பாட்டில் பழைய காதலியைத் தெருவில் சந்திக்கிறவன் நலம் விசாரிக்கிறான். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது அவன் அடுத்த வரியிலிருந்துதான் தெரியும். வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த இடைவெளிகளைத் தேவைக்கேற்ப நீட்டியும் குறைத்தும் பாடவேண்டியிருப்பதால்தான் அவர் குரல் தாளத்தோடு ஒட்டாமல் மிதக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டும் பாடும் முறையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குரலை வேண்டாம் என்றது நாஷ்வில்.

‘கிரேஸி’க்கு முதலில் அவர் வைத்த பெயர் ‘ஸ்டுப்பிட்’. கார்டு வரிசையைப் பாருங்கள்: சி, ஏ7, டி மைனர், ஜி7. மூன்று கார்டில் ஓடும் சராசரி கன்ட்ரி பாட்டுக்கு நடுவே இந்த ஏ7 நேராக ஜாஸ் பக்கத்திலிருந்து வந்தது. சி ஸ்கேலில் இருக்கவேண்டியது ஏ மைனர். அதை ஏ7 ஆக்கும்போது சி ஷார்ப் என்ற ஒரு வெளிச் சுரம் உள்ளே வருகிறது. அந்தச் சுரம் டி-யை நோக்கித் தள்ளுகிறது. பாட்டின் தவிப்பு பாதி அங்கேதான் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்கள் சுலபமாக இருக்கட்டும் என்று அங்கே ஏ மைனர் பிடிப்பார்கள். பிடித்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடும்.

பாட்ஸி கிளைனுக்கு இந்தப் பாட்டு முதலில் பிடிக்கவில்லை. வில்லியின் டெமோ (மாதிரிப் பதிவு) பேசுகிற மாதிரி இருந்தது, அதைப் பின்பற்றிப் பாட வரவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, வில்லியைப் போலப் பாட வேண்டாம், உன் போக்கில் மெட்டை நீட்டிப் பாடு என்கிற திசையில் ஏற்பாட்டை மாற்றினார். ஃப்ளாய்ட் க்ரேமரின் பியானோ, பின்னால் ஜார்டனேர்ஸ் கோரஸ். 1961 ஜூனில் நடந்த கார் விபத்தில் விலா எலும்பு முறிந்து, ஊன்றுகோலோடு வந்திருந்தார் பாட்ஸி. மேல் ஸ்தாயி எடுக்கும்போது வலி தாங்கவில்லை. அன்றைக்கு வாத்தியங்களை மட்டும் பதிந்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வந்து குரலைத் தனியாகப் பாடிக் கொடுத்தார். கன்ட்ரியில் இரண்டாம் இடம், பாப் பட்டியலில் ஒன்பதாம் இடம்.

எழுதியவர் பேர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவரே பாடிய ரெக்கார்டுகள் மட்டும் பெரிதாக விற்கவில்லை. 1962-ல் ஒன்றிரண்டு பாட்டு முதல் பத்துக்குள் வந்தது, அதோடு சரி. ஏன் என்பதற்கு ஸ்டுடியோ வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய நாஷ்வில்லில் ஒரு செஷன் மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடியவேண்டும். வாத்தியக்காரர்கள் பாட்டை முன்கூட்டிக் கேட்டிருக்கமாட்டார்கள். டெமோவை ஒன்றிரண்டு தடவை போட்டுக் காட்டுவார்கள். கேட்டபடியே கார்டுகளை 1, 4, 5 என்று எண்களாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வாசித்துவிடுவார்கள். எண்ணாக எழுதுவதில் ஒரு வசதி: பாடகருக்குச் சுருதி எட்டவில்லை என்றால் காகிதத்தை மாற்ற வேண்டாம், ஒன்று எது என்று மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அபார வேகம், அபார திறமை. ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க, பாடகர் தாளத்தின் மேல் சரியாக உட்காருவார் என்ற நம்பிக்கையில் நடப்பது.

ஆர்சிஏ ரெக்கார்டு நிறுவனத்தில் செட் அட்கின்ஸ் தயாரிப்பில் அறுபதுகளின் நடுவிலிருந்து வில்லி பாடிய ஆல்பங்களில் வயலின் கூட்டமும் கோரஸும் உண்டு. அட்கின்ஸ் சாதாரண ஆள் இல்லை, கிட்டாரில் மாமேதை. இருந்தும் பொருந்தவில்லை. வயலின் பகுதிகள் தாளில் எழுதப்பட்டவை. பாடகர் வரியை முடித்ததும் வரும் இரண்டு அடி இடைவெளியை நிரப்புவதற்காக வைக்கப்பட்டவை. வில்லி ஒரு அடி பிந்தினால், நிரப்ப வந்த வயலின் அவர் குரல் மேலேயே ஏறி விழும். இதைத் தவிர்க்க அவர் நேராகப் பாடவேண்டும்; நேராகப் பாடினால் அந்தக் குரலில் விசேஷம் ஒன்றும் மிஞ்சாது. மூக்கோடு ஒட்டிய மெல்லிய குரல் அது, பாட்ஸியைப் போல ஊரை நிரப்புகிற சாரீரம் இல்லை. இடம் விட்டால் மட்டுமே அது பேசும்.

1969 வாக்கில்தான் டிரிக்கர் என்ற கிட்டார் வில்லியின் கைக்கு வந்தது. அதுவரை வாசித்துக்கொண்டிருந்த பால்ட்வின் கிட்டாரை டெக்சஸில் ஒரு நிகழ்ச்சியில் குடித்திருந்த யாரோ மிதித்து உடைத்துவிட்டார்கள். நாஷ்வில்லில் பழுது பார்க்கும் ஷாட் ஜாக்சனிடம் அனுப்பினால், இது தேறாது, மார்ட்டின் என்-20 ஒன்று இருக்கிறது, 750 டாலர் என்றார். பார்க்காமலே, போனிலேயே வாங்கிக்கொண்டார் வில்லி. உடைந்த பால்ட்வினிலிருந்த பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) எடுத்து மார்ட்டினில் பொருத்திக் கொடுத்தார் ஜாக்சன். நடிகர் ராய் ராஜர்ஸின் குதிரை பெயரான டிரிக்கரை கிட்டாருக்கு வைத்தார் வில்லி.

மேல் பலகை சிட்கா ஸ்ப்ரூஸ். பின்னும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டி மரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். (பிரேசில் கட்டை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதால் 1969 கடைசியில் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. கொஞ்சம் தாமதமாக வாங்கியிருந்தால் டிரிக்கரின் முதுகு நம் பக்கத்து மரமாக இருந்திருக்கலாம்.) கழுத்து மகோகனி, விரல் பலகை கருங்காலி. கம்பி நைலான். கிளாசிக்கல் கிட்டார் அது. விரலால் மீட்டுவதற்காகச் செய்தது. அதனால் ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் ஒலித்துளைக்குக் கீழே ஒட்டியிருக்கும் பிக்கார்டு தகடு இதில் கிடையாது. வில்லியோ பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து ஓங்கி அடிக்கிறவர். ஒவ்வொரு அடியிலும் பிக்கின் முனையும் விரல்களும் பலகையைச் சுரண்டின. வார்னிஷ் போய், மரம் தேய்ந்து, கடைசியில் ஒலித்துளைக்கும் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இன்னொரு பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்து. முதலில் போட்டவர் பாடகர் லியான் ரஸ்ஸல். ஆஸ்டினில் மார்க் எர்ல்வைன் என்ற கிட்டார் தச்சர்தான் பல வருடமாக அதைப் பராமரிக்கிறார். உள்ளே தாங்கு கட்டைகளைப் பலப்படுத்துவதும், தேய்ந்த ஓரங்களில் வியர்வையும் ஈரமும் இறங்காமல் லேக்கர் பூசுவதும் அவர் வேலை.

ஓட்டை விழுந்தும் அது மேடையில் ஒலிப்பதற்குக் காரணம் அந்த பிக்கப். நைலான் காந்தத்துக்கு வசப்படாது. எலக்ட்ரிக் கிட்டாரில் இருக்கும் சுருள் பிக்கப்பை நைலான் கம்பிக்குக் கீழே வைத்தால் ஒன்றும் கேட்காது. பால்ட்வின் பிக்கப் பீசோ வகை. கம்பி உட்காரும் சேடிலுக்குக் கீழே பீங்கான் துண்டுகள். கம்பியின் அழுத்தம் அவற்றில் மின்சாரமாக மாறுகிறது. மேல் பலகையின் அதிர்வை முழுசாக நம்பியிருக்க வேண்டியதில்லை. அதை பால்ட்வின் ஆம்ப்பில் கொடுத்து வாசிக்கும்போதுதான் அந்த லேசாகக் கரகரக்கும், மணி போல முழங்காத, சட்டென்று நின்றுவிடும் நாதம் வருகிறது. நீளமாக ஒலிக்காத வாத்தியம் என்பதால் வரிகளுக்கு நடுவே இருக்கும் வெளியை அது அடைக்காது. இந்தக் குரலுக்கு இதைவிடப் பொருத்தமான துணை அமைந்திருக்காது.

இதே மாதிரி ஒலி வேண்டும் என்று நைலான் கிட்டாரில் பிக் வைத்து அடிக்க ஆசைப்படுபவர்கள் முதலில், ஃப்ளமெங்கோ கிட்டாரில் ஒட்டுகிற நிறமில்லாத தகடு ஒன்றை வாங்கி மேல் பலகையில் ஒட்டிவிடுங்கள். பிக்கப் மாட்டிய பிறகு ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைவாகக் கேட்டால் பிக்கப்பைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சேடிலின் அடிப்பக்கம் சமமாக இல்லாமல் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நேராகப் பிடித்து நாலு தடவை தேய்த்தால் சரியாகிவிடும். அதிகம் தேய்த்தால் கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் இடிக்கும்.

டிரிக்கர் வந்து அதிக நாள் ஆகாத நிலையில் நாஷ்வில் பக்கத்து வீடு எரிந்தது. எரிகிற வீட்டுக்குள் ஓடி வில்லி காப்பாற்றியவற்றில் இந்த கிட்டாரும் ஒன்று. டெக்சஸுக்கே திரும்பினார். 1972-ல் ஆஸ்டின். அங்கே நீளமுடி இளைஞர்களும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் அவர் பாட்டைக் கேட்க வந்தார்கள். அட்லாண்டிக் ரெக்கார்டு நிறுவனத்துக்காக இரண்டு ஆல்பம். அதில் 1974-ல் வந்த ‘ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்’ ஒரு மணமுறிவின் கதை. ரெக்கார்டின் ஒரு பக்கம் மனைவி சொல்வது, மறுபக்கம் கணவன் சொல்வது. இவ்வளவு நல்ல ஆல்பம் அன்று போதுமான கவனம் பெறவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அடுத்து கொலம்பியா ரெக்கார்டு நிறுவனம். அந்த ஒப்பந்தத்தில்தான் எல்லாமே மாறியது: என்ன பாடுவது, யாரோடு வாசிப்பது, எப்போது முடிந்தது என்று சொல்வது எல்லாம் வில்லியின் முடிவு. 1975-ல் டெக்சஸ் கார்லண்டில் ஒரு சிறிய ஸ்டுடியோவில், சுமார் 4,000 டாலர் செலவில், தன் சொந்த பேண்டோடு ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ பதிந்தார். துரோகம் செய்த மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டு ஊர் ஊராகத் திரியும் ஒரு பாதிரியின் கதை. தலைப்புப் பாட்டு அவர் எழுதியது இல்லை. ரேடியோ அறிவிப்பாளராக இருந்தபோது ஒலிபரப்பியது, பிறகு தன் குழந்தைகளைத் தூங்க வைக்கப் பாடியது. நிறுவனத்தார் கேட்டுவிட்டு, டெமோ நன்றாக இருக்கிறது, இதற்கு மேல் வாத்தியம் எப்போது சேர்க்கப் போகிறீர்கள் என்கிற மாதிரி பார்த்தார்கள். ஒப்பந்தப்படி ஒன்றும் செய்ய முடியாது. அப்படியே வெளியிட்டார்கள். ஃப்ரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டான ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்’ பாடகராக அவருக்கு முதல் முதலிடத்தை வாங்கித் தந்தது. வயது 42. மற்றவர்களுக்கு எழுதிக் குவித்தவருக்கு முதலிடம் கொடுத்தது இன்னொருவர் எழுதிய பாட்டு.

அந்தப் பதிவில் டிரிக்கரின் தனி வாசிப்பைக் கவனியுங்கள். வேகமே கிடையாது. மெட்டைத்தான் வாசிக்கிறார், ஆனால் பாடுகிற மாதிரியே பிந்தி, நடுவில் ஒரு சுரத்தை விட்டுவிட்டு. பேஸ் கிட்டார் மட்டும் அடி மாறாமல் நடக்கிறது. மிக்கி ரஃபேலின் மவுத் ஆர்கன், குரல் முழுசாக ஓய்ந்த பிறகுதான் உள்ளே வருகிறது. தாளில் எழுதிய வயலினுக்கும் காத்திருக்கிற மனிதருக்கும் வித்தியாசம் இதுதான்.

மூன்று வருடம் கழித்து ‘ஸ்டார்டஸ்ட்’. இருபதுகளிலிருந்து ஐம்பதுகள் வரையிலான பழைய பாப் பாட்டுகள், தயாரிப்பு சோல் இசைக்காரரான புக்கர் டி. ஜோன்ஸ். கன்ட்ரி ரசிகன் இதையெல்லாம் வாங்கமாட்டான் என்றார்கள். கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் பத்து வருடம் இருந்தது. பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம்: 1980-ல் விமானத்தில் வாந்திப் பையின் மேல் கிறுக்கிய ‘ஆன் த ரோட் அகெய்ன்’, 1985-ல் கன்ட்ரி பாடகர்கள் கேஷ், ஜென்னிங்ஸ், கிறிஸ்டஃபர்சனோடு ஹைவேமென் குழு, அதே வருடம் செப்டம்பரில் பாடகர்கள் நீல் யங், ஜான் மெலன்கேம்ப் ஆகியோரோடு கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காகத் தொடங்கிய ஃபார்ம் எய்ட் நிதி திரட்டும் கச்சேரி. பருத்தி பொறுக்கியவர் என்பதால் அந்தக் கடைசி வேலை அவருக்கு விளம்பரமாக இருக்கவில்லை, இன்றுவரை விடாமல் நடத்துகிறார்.

இனி, இந்தப் பாணியைப் பழக நினைப்பவர்களுக்கு. மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். அந்தத் தட்டு நான்கில் இரண்டாவதும் நாலாவதுமாக விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாலே கார்டு, கட்டை விரலில் தாழ்ந்த பேஸ் சுரம், பிறகு கம்பிகள் மேல் ஒரு வருடல். கை தானாக ஓடும் வரை பாடாதீர்கள். பத்து நிமிடமாவது ஆகும். பிறகு மெட்டில்லாமல் வரியைப் பேசிப் பாருங்கள், சாப்பிட்டாயா என்று கேட்கிற தொனியில். எங்கே மூச்சு விடுகிறீர்களோ அதுதான் உங்கள் இடைவெளி. அடுத்து மெட்டோடு, முதல் சொல்லை மட்டும் அரை அடி பிந்தி எடுத்து, கடைசிச் சொல்லைக் கார்டு மாறும் இடத்தில் கொண்டுவந்து சேருங்கள். பிந்தியது முன்பாதி, நெருக்குவது பின்பாதி.

இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, வாய் பிந்தும்போது கையும் சேர்ந்து பிந்திவிடும். பாட்டு முழுக்க இழுவையாகிவிடும். கால் தட்டிக்கொண்டே பாடி, போனில் பதிந்து, கால் சத்தத்தை மட்டும் கேட்டால் தெரிந்துவிடும். இரண்டு, எல்லா வரியையும் ஒரே அளவு பிந்துவது. அப்படிச் செய்தால் கேட்பவர் காது நாலாவது வரியில் பழகிவிடும், அது புதுத் தாளமாக ஆகிவிடும். ஒரு வரியாவது நேராக வரவேண்டும், ஒன்று முந்த வேண்டும். வில்லி எந்தச் சொல்லைக் காக்க வைக்கிறார் என்று பாருங்கள்: வலிக்கிற சொல்லைத்தான்.

1990 நவம்பரில் வருமான வரித் துறை அவர் சொத்துகளைப் பூட்டியது. பாக்கி 16.7 மில்லியன் டாலர். வரி மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த முதலீடுகளை அரசு ஏற்காததில் வந்த வினை. ஸ்டுடியோ, நிலம் எல்லாம் ஏலத்துக்குப் போயின. நண்பர்களும் ரசிகர்களும் சிலவற்றை ஏலத்தில் எடுத்து அவருக்கே திருப்பினார்கள். மகள் லானா முந்திக்கொண்டு டிரிக்கரை ஹவாயில் இருந்த அவரிடம் அனுப்பிவிட்டார். குரலும் அந்த ஒரே கிட்டாரும் மட்டுமாக வந்த ஆல்பத்தின் வருமானம் நேராக வரிக் கடனுக்குப் போனது. 1993-ல் கணக்கு தீர்ந்தது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்றால், 1975 ஆல்பத்துக்கு அடுத்ததாக 1996-ல் வந்த ‘ஸ்பிரிட்’ என்பேன். அதில் டிரம்ஸே கிடையாது. டிரிக்கர், துணைக்கு இன்னொரு கிட்டார், ஜானி கிம்பிளின் ஃபிடில் (வயலின்), அக்கா பாபியின் பியானோ. தாளத்தைச் சொல்ல யாரும் இல்லாததால் அது எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கும். பாபியின் இடது கையைக் கேளுங்கள். அபட்டில் தாத்தா பாட்டி வீட்டில் சின்ன வயதில் தம்பி கிட்டார் பிடிக்க, அவர் பியானோ வாசித்த நாளிலிருந்து 2022 மார்ச்சில் இறக்கும் வரை, தம்பி எவ்வளவு பிந்தினாலும் அந்தக் கை நகரவில்லை.